தடைக்காலத்தில் நின்றுபோன எடை: மண்டபம் விசைப்படகுத் தொழிலாளி ஒருவரின் கலோரிக் கணக்கு

41 வயது ஆண். மண்டபத்தில் வடகடல் பக்கம் விசைப்படகில் வலை இழுப்பவர். உயரம் 168 செ.மீ. ஜனவரி முதல் வாரத்தில் எடை 92 கிலோ, இடுப்புச் சுற்று 108 செ.மீ., உடல் நிறை எண் 32.6. நம்மவர்களுக்கு 25-ஐத் தொட்டாலே உடற்பருமன், ஆணுக்கு இடுப்பு 90 செ.மீ. தாண்டக் கூடாது. மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி (HbA1c) 6.1 சதவீதம். அதாவது சர்க்கரை நோய் இன்னும் வரவில்லை, வாசலில் நிற்கிறது. மாத்திரை எதுவும் சாப்பிடவில்லை. இது முக்கியம். இன்சுலினோ கிளிமெபிரைடு வகை மாத்திரையோ எடுப்பவர், மருத்துவரிடம் மருந்தின் அளவைப் பேசி முடிக்காமல் சாப்பாட்டைக் குறைக்கவே கூடாது. கரையில் வரும் சர்க்கரைத் தாழ்வுக்கு ஒரு மிட்டாய் போதும். நடுக்கடலில், வலை இழுக்கும் வின்ச் எந்திரம் ஓடும்போது வந்தால் கதை வேறு.

வந்த சிக்கல் இதுதான். தினம் 2,200 கலோரி என்று வைத்துக்கொண்டு 14 வாரத்தில் 6 கிலோ குறைத்தார். ஏப்ரல் நடுவில் எடை நின்றது. அடுத்த நான்கு வாரத்தில் 300 கிராம் ஏறவும் செய்தது. "அதே சாப்பாடுதான் சார் சாப்புடுறேன்" என்றார். அவர் சொன்னதில் பாதி உண்மை. இப்படி நின்றவுடன் இன்னும் 500 கலோரியை வெட்டச் சொல்வதுதான் வழக்கமான பதில். இவருக்கு அது தவறான பதிலாகியிருக்கும். ஏன் என்பதைக் கணக்கோடு பார்க்கலாம்.

முதல் எண் எப்படி வந்தது

சும்மா படுத்திருந்தாலும் உடல் எரிக்கும் அடிப்படைச் செலவுக்கு 1990-இல் வெளிவந்த மிஃப்ளின்–செயின்ட் ஜியோர் சூத்திரம். எடையைப் பத்தால் பெருக்கி, உயரத்தை 6.25-ஆல் பெருக்கிக் கூட்டி, வயதை ஐந்தால் பெருக்கிக் கழித்து, ஆணுக்கு 5 சேர்க்க வேண்டும் (பெண்ணுக்கு 161 கழிக்க வேண்டும்). இவருக்கு 920 + 1,050 − 205 + 5 = 1,770.

அடுத்தது உழைப்புப் பெருக்கி, அதாவது அடிப்படைச் செலவை உழைப்புக்கு ஏற்பப் பெருக்கும் எண். 'மிதமான உழைப்பு' என்று எல்லாருக்கும் 1.55 போடுவது நகரத்து அலுவலகக்காரருக்குச் சரியாக வரலாம். பாக் நீரிணையில் விசைப்படகு வாரத்தில் மூன்று நாள்தான் போகும், மற்ற நாள் நாட்டுப்படகுகளுக்கு. கடல் நாளுக்கு 1.8, வலையின் கிழிசலைப் பொத்தி வீட்டில் இருக்கும் கரை நாளுக்கு 1.4 என்று வைத்தால் வாரச் சராசரி 1.57. ஆக நாள் செலவு சுமார் 2,780. அதில் 580 குறைத்து 2,200 என்று இலக்கு வைக்கப்பட்டது. புரதம் நாளுக்கு 100 கிராமுக்குக் குறையாமல். மீன் ஊரில் இது சிரமமே இல்லை. சுத்தம் செய்த மீன் 250 கிராமில் 50 கிராம் புரதம் வந்துவிடும்.

எடை பார்க்கும் முறையையும் அப்போதே முடிவு செய்தாக வேண்டும். கடலுக்குப் போய் வந்த காலையில் வியர்வையில் ஒரு கிலோ வரை குறைந்திருக்கும். கருவாட்டுக் குழம்பு சாப்பிட்ட மறுநாள் உப்பு தண்ணீரைப் பிடித்துவைத்து அதே அளவு ஏற்றிக் காட்டும். இரண்டும் கொழுப்பல்ல. எனவே இறங்கி ஒரு நாள் கழிந்த கரை நாட்களில் மட்டும், வாரத்துக்கு மூன்று தடவை, காலைக்கடன் முடித்து டீ குடிக்கும் முன், சிமென்ட் தரையில் வைத்த ஒரே தராசில் பார்த்து, மூன்றின் சராசரியை மட்டும் எழுதினார். பாய் மேலோ மணல் தரையிலோ தராசை வைத்தால் எண் பொய் சொல்லும். பெண்கள் மாதவிடாய்ச் சுழற்சியின் அதே வாரத்தோடு அதே வாரத்தை ஒப்பிட வேண்டும். கீழக்கரை, பெரியபட்டினம் பக்கம் நோன்பு மாதத்து எடையை நோன்புக்கு முந்தைய எடையோடு நேராக ஒப்பிடுவதும் இதே வகைப் பிழை.

ஏட்டுக் கலோரி

முதல் இரண்டு வாரத்தில் 1.6 கிலோ போனது. பெரும்பாலும் தண்ணீர், அதைக் கணக்கில் சேர்க்கவில்லை. இரண்டாம் வாரம் 90.4, பதினான்காம் வாரம் 86.0. பன்னிரண்டு வாரத்தில் 4.4 கிலோ. ஒரு கிலோ உடல் கொழுப்புக்கு 7,700 கலோரி என்று வைத்தால் நாளுக்கு ஏறத்தாழ 400 பற்றாக்குறை. தினம் சாப்பிட்டதை அவர் குறித்துவந்த ஏட்டில் எழுதிய வரவு 2,200. அப்படியானால் உண்மையான செலவு 2,600. சூத்திரமோ இந்த இடைப்பட்ட எடைக்கு 2,720 சொல்கிறது.

இந்த 120 எங்கே போனது? உடல் சிக்கனப்பட்டிருக்கலாம், ஏட்டில் எழுதாத வாய்கள் இருந்திருக்கலாம். இரண்டையும் பிரித்துப் பார்க்க வீட்டில் வழி இல்லை, பிரிக்க வேண்டிய தேவையும் இல்லை. தினம் 120 கலோரியைத் தவறாமல் எழுதாமல் விட்டால்கூட 2,600 என்பது அவர் ஏட்டின் அளவுகோலில் சரியான எண்தான். ஏடு துல்லியமாக இருக்க வேண்டும் என்பதில்லை, ஒரே மாதிரி தவறாக இருந்தால் போதும். தவறின் அளவு மாறும்போதுதான் ஆபத்து. 14 வாரம் கழித்து நடந்தது அதுதான்.

(இங்கே கலோரி என்று எழுதியிருப்பதெல்லாம் கிலோ கலோரி. பாக்கெட்டில் அச்சிட்டிருப்பதும் அதுவே.)

சோற்றை எழுதிய விதத்தைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்கலாம். காலிப் பானையை ஒருமுறை நிறுத்து எடையைப் பானையின் அடியில் பெயின்டால் எழுதிவைத்தார்கள். 600 கிராம் அரிசி வடித்தபின் 1,650 கிராம் சோறு. அரிசியில் 100 கிராமுக்கு 350 என்று கொண்டால் சோற்றில் 100 கிராமுக்கு 127. அவர் வீட்டு அகப்பை ஒன்று 140 கிராம் பிடிக்கும், ஆக ஓர் அகப்பை 178. அதற்குப் பிறகு அவர் கிராம் எழுதவில்லை, 'ரெண்டரை அகப்பை' என்று மட்டும் எழுதினார். 'ஒரு கப் சோறு 200 கலோரி' என்று கைபேசிச் செயலி சொல்வதைவிட இது எத்தனையோ மேல். ஏனென்றால் அந்தக் கப் யார் வீட்டுக் கப் என்று யாருக்கும் தெரியாது.

ஏப்ரல் 15

கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகளுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடை. 2017-க்கு முன்பு 45 நாளாக இருந்தது. இவருக்கு வாரம் ஏழும் கரை நாள் ஆயிற்று. பெருக்கி 1.57-இலிருந்து 1.4-க்கு இறங்கியது.

இப்போது இரண்டு இறக்கங்களையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். 92-இலிருந்து 86-க்கு எடை குறைந்ததால் சூத்திரப்படி செலவு குறைந்தது 94 கலோரி. படகு கட்டிக் கிடந்ததால் குறைந்தது சுமார் 290. எடை குறையக் குறைய இலக்கை மாற்ற வேண்டும் என்று எல்லாரும் சொல்கிறார்கள், சரிதான். ஆனால் இந்தக் கரையில் தொழிலின் நாட்காட்டி அதைப்போல் மூன்று மடங்கு ஆட்டிவைக்கிறது. பனை ஏறுபவருக்கும், மாதத்தில் சில நாள் மட்டும் தீவுப் பக்கம் பாசி எடுக்கப் போகும் பெண்களுக்கும், உப்பளத்தில் வாருபவருக்கும் இதே நிலைதான். 'ஐந்து கிலோ குறைந்தால் திரும்பக் கணக்குப் போடு' என்ற விதியோடு 'வேலை மாறிய அன்றே திரும்பக் கணக்குப் போடு' என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

86 கிலோவுக்கும் 1.4-க்கும் சூத்திரம் சொல்வதை முந்தைய 2,720-க்கு 2,600 என்ற விகிதத்தில் இறக்கினால், ஏட்டு அளவுகோலில் தடைக்காலச் செலவு சுமார் 2,290 என்று வந்தது. வரவு 2,200 என்றால் பற்றாக்குறை வெறும் 90. நான்கு வாரத்தில் 300 கிராம் குறைந்திருக்க வேண்டும். மாறாக 300 கிராம் ஏறியது. தண்ணீரின் ஆட்டத்துக்கு இடம் விட்டாலும் நாளுக்கு 170 கலோரி எங்கிருந்தோ ஏட்டுக்குத் தெரியாமல் உள்ளே வருகிறது. 1992-இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில், 'எதைச் செய்தாலும் எடை குறையவில்லை' என்று வந்தவர்கள் தாங்கள் சாப்பிட்டதில் ஏறக்குறைய பாதியைச் சொல்லாமல் விட்டிருந்தது தெரியவந்தது. அவர்கள் பொய்யர்கள் இல்லை. கண்ணுக்குத் தெரியாத வரவு அவ்வளவு இருக்கும் என்பதுதான் அதன் பொருள். 170 அதோடு ஒப்பிட்டால் சின்னத் தொகை.

எண்ணெய் பாக்கெட்

இங்கேதான் தேடல் நேரத்தைத் தின்றது. சோறு அதே அகப்பை. மீனும் அதே அளவு. பதநீர்ச் சீசன் என்பதால் அதன் மேல் முதலில் சந்தேகம் விழுந்தது. 200 மில்லி டம்ளரில் 80 முதல் 100 கலோரி வரை இருக்கும். ஆனால் அவர் அதை எழுதியிருந்தார். நுங்கையும் எழுதியிருந்தார். இனிப்பாக இருப்பது நினைவில் நிற்கும், எழுதப்படும். ஏட்டிலிருந்து தப்பிப்பது எண்ணெயும் தேங்காயும்.

எண்ணெயைக் கரண்டியில் அளப்பது வீண் வேலை. சமைக்கிறவர் கை வேகத்தில் அளவு நிற்காது. பாக்கெட்டை அளப்பதுதான் வழி. ஒரு லிட்டர் பாக்கெட்டைப் பிரித்த அன்றே பேனாவால் அதன் மேல் தேதி எழுத வேண்டும், தீர்ந்த தேதியையும் எழுத வேண்டும். லிட்டர் என்பது 910 கிராம். அதை நாளாலும் ஆளாலும் வகுத்தால் தலைக்கு எவ்வளவு என்று வரும். இவர் வீட்டில் நான்கு பேர், பாக்கெட் ஆறு நாளில் தீர்ந்திருந்தது. தலைக்கு நாளுக்கு 38 கிராம், 340 கலோரி. ஏட்டில் இருந்தது நான்கு தேக்கரண்டி, 180 கலோரி. இடைவெளி 160. தேடிய 170 ஏறக்குறைய முழுதாகவே அகப்பட்டது.

மார்ச் வரை இது ஏன் உறுத்தவில்லை என்றால், வாரத்தில் மூன்று இரவு அவர் படகில். படகுச் சமையலில் மீன் குழம்புதான், ஆடும் படகில் வறுவலுக்கு யாரும் எண்ணெய் காயவைப்பதில்லை. வீட்டில் ஆள் ஏழு நாளும் இருக்கிறார் என்றதும் சூடை மீனும் நகரை மீனும் தினம் வறுவல் ஆயிற்று. அவரைப் பொறுத்தவரை 'அதே மீன்' தான். பத்தியம் இருப்பவர்கள் மீனை எழுதுவார்கள், அது எதில் கிடந்து வெந்தது என்பதை எழுத மாட்டார்கள். சந்தேகம் இருந்தால் வறுக்கும் முன்னும் பின்னும் எண்ணெயோடு சட்டியை நிறுத்துப் பார்க்கலாம். குறைந்தது அத்தனையும் மீனுக்குள் போகவில்லை, கொஞ்சம் தெறித்தும் போயிருக்கும். ஆனாலும் கண் திறக்கும்.

தேங்காயில் சிக்கல் அதிகம் இல்லை. ஒரு மூடியில் 120 கிராம் பருப்பு, 400 கலோரிக்குமேல். நான்கு பேருக்குக் குழம்பு என்றால் தலைக்கு 100. அது எழுதப்பட்டிருந்தது.

செய்த மாற்றம்

வரிசை முக்கியம். முதலில் அளவைச் சரிசெய்ய வேண்டும், அடுத்து உடல் அசைவு, கடைசியில்தான் இலக்கைக் குறைக்க வேண்டும். எடுத்தவுடன் இலக்கில் கை வைத்தால், எழுதாத 160 அப்படியே இருக்க, எழுதுகிற சோற்றிலும் மீனிலும் வெட்டு விழும். பசி கூடும், புரதம் குறையும், எண்ணெய் தப்பித்துக்கொள்ளும்.

எண்ணெய்: பாக்கெட் ஒன்பது நாள் வர வேண்டும். தலைக்கு 25 கிராம். வறுவல் வாரம் இரண்டு நாள், மற்ற நாள் குழம்பு, புட்டு, தோசைக்கல்லில் தடவிச் சுட்டது. வீட்டில் பிள்ளைகள் முகம் சுளித்தார்கள், ஒரு வாரத்தில் ஓய்ந்தார்கள்.

அசைவு: மாலையில் 4 கிலோமீட்டர் நடை. அவர் எடைக்கு உட்கார்ந்திருப்பதைவிட ஏறத்தாழ 180 கலோரி கூடுதல் செலவு. இளமணலில் நடந்தால் செலவு ஏறக்குறைய இருமடங்கு. ஆனால் 86 கிலோவில் முழங்காலும் குதிகாலும் அதற்கு விலை கொடுக்கும். ஈர மணல் அல்லது தார்ச்சாலை போதும்.

இலக்கு: 2,200-இலிருந்து 2,050. குறைப்பு 150 மட்டுமே. 2,290 + 180 − 2,050 = 420. வாரத்துக்கு 0.38 கிலோ குறைய வேண்டும். மே இரண்டாம் வாரத்தில் 86.3 இருந்தவர் ஜூன் 14-இல் 84.9. ஐந்து வாரத்தில் 1.4 கிலோ, வாரத்துக்கு 0.28. எதிர்பார்த்ததைவிடக் குறைவுதான், ஏனென்றால் முதல் வாரம் புதுப் பழக்கம் பிடிபடுவதிலேயே போயிற்று. அதற்குப் பிறகு ஓட்டம் சரி.

ஜூன் 15: ஏற்ற வேண்டிய எண்

எடை குறைந்தால் இலக்கு குறையும் என்று மனதில் பதிந்துவிட்டவருக்கு, இலக்கை ஏற்றச் சொன்னால் கை வராது. தடை முடிந்து படகு இறங்கியபோது இவர் 2,050-ஐ விடவில்லை. கடல் நாளில் அவர் செலவு சுமார் 2,920. பற்றாக்குறை 870. இரவு இரண்டாவது தடவை வலை இழுக்கும்போது கை நடுங்கியது. காலையில் இறங்கியதும் கடையில் நாலு பரோட்டா, சால்னா, ஆம்லெட், இரண்டு டீ. ஏறக்குறைய 1,500 கலோரி அங்கேயே. கரையேறும் நாட்களில் ஏடு 2,700-ஐத் தொட்டது. வாரச் சராசரி 2,330. அதாவது 2,050 என்று எழுதிவைத்துவிட்டு 2,330 சாப்பிட்டார், நடுவில் பட்டினியும் கிடந்தார். இரண்டு வாரத்தில் 400 கிராம் குறைந்தது. குறைந்ததே என்று விட்டிருந்தால், ஒரு மாதத்தில் ஏட்டையே மூடியிருப்பார்.

அதனால் நாளைப் பிரித்தார்கள். கடல் நாள் 2,500, கரை நாள் 1,950. வாரச் சராசரி 2,186. கூடுதல் 550 கலோரியைப் படகிலேயே சாப்பிட வேண்டும், இறங்கியபின் அல்ல. அதற்குப் பெரிய ஏற்பாடு எதுவும் வேண்டியிருக்கவில்லை: கூடுதலாக ஒன்றரை அகப்பைச் சோறு, இரண்டு வாழைப்பழம், கைப்பிடி நிலக்கடலை. பரோட்டாக் கடை தானாகவே ஒன்றுக்கு இறங்கியது.

ஒரு கிலோவுக்கு எவ்வளவு

84.5-இலிருந்து 81.6 வரை வர 11 வாரம் ஆனது. நாளுக்கு 290 பற்றாக்குறை, எனவே ஏட்டுச் செலவு 2,476. இடைப்பட்ட எடை 83 கிலோ. முன்பு 88 கிலோவில் இது 2,600. இரண்டுமே படகு ஓடும் மாதங்கள் என்பதால் நேராக ஒப்பிடலாம்: ஒரு கிலோ குறைய ஏறக்குறைய 24 கலோரி செலவு குறைகிறது. சூத்திரம் தரும் கணக்கு 16 மட்டுமே.

மிச்சம் 8 பெரும்பாலும் உடலின் சிக்கனமாக இருக்கலாம். எடை குறையும்போது உடல் தன் அளவுக்கு நியாயமானதைவிடக் கூடுதலாகச் செலவைச் சுருக்குகிறது என்பதை லைபெல், ரோசன்பாம், ஹிர்ஷ் என்ற ஆய்வாளர்கள் மூவரும் 1995-இல் அளந்து காட்டினார்கள். அமெரிக்கத் தேசிய நலவாழ்வு நிறுவனத்தில் அப்போது இருந்த கெவின் ஹால் குழுவினரும் கிலோவுக்கு 20 முதல் 30 கலோரி என்றே சொன்னார்கள். அதே குழுவின் இன்னொரு எண்தான் பயமுறுத்துவது: ஒரு கிலோ குறைய, பசி நாளுக்கு சுமார் 100 கலோரி கூடுகிறது. செலவு சுருங்குவதைவிடப் பசி நான்கு மடங்கு வேகத்தில் ஏறுகிறது. எட்டாம் மாதத்தில் பலர் தோற்பது உடல் எரிப்பதை நிறுத்திவிட்டதால் அல்ல. 2,186 என்பது பத்து கிலோவுக்கு முன் இருந்ததைவிட இப்போது பல மடங்கு சிரமமான எண் ஆகிவிட்டது.

ஆகவே நான்கு கிலோவுக்கு ஒருமுறை 100 கலோரி குறைத்தால் போதும். அதுவும் மூன்று வாரச் சராசரி அசையாமல் நின்று, எண்ணெய் பாக்கெட்டும் நடையும் சரிபார்த்த பிறகு. வாராவாரம் 20, 30 என்று கொறிப்பதில் பயன் இல்லை, ஏட்டின் பிழையே அதைவிடப் பெரிது. ஆண் 1,500-க்கும் பெண் 1,200-க்கும் கீழே மருத்துவ மேற்பார்வை இல்லாமல் போகக் கூடாது.

செப்டம்பரில் நிறுத்திவைத்தது

81.6 கிலோ, தொடக்கத்திலிருந்து 10.4 கிலோ குறைவு, உடல் நிறை எண் 28.9. இன்னும் போக வேண்டிய தூரம் இருக்கிறது. ஆனாலும் இங்கே குறைப்பை நிறுத்தினார்கள். அக்டோபர் முதல் வடகிழக்குப் பருவக்காற்று. எந்த வாரம் படகு போகும், எந்த வாரம் கடலுக்குப் போக அனுமதி டோக்கன் கிடைக்காது என்று சொல்ல முடியாத மூன்று மாதத்தில் பற்றாக்குறைக் கணக்கு ஓடாது. எடையைத் தாங்கி நிற்பது மட்டுமே நோக்கம்.

அவர் ஏட்டின்படி 81.6 கிலோவுக்குத் தாங்கு எண், அதாவது எடை ஏறாமல் இறங்காமல் நிற்க வேண்டிய வரவு, 2,440. ஒரே நாளில் ஏற்றாமல் வாரத்துக்கு 100 முதல் 150 வீதம் ஏற்றப்பட்டது. முதல் பத்து நாளில் 700 கிராம் ஏறியது. தசையில் மாவுச்சத்தும் அதோடு தண்ணீரும் திரும்பச் சேர்வதால் வருவது, எதிர்பார்த்ததே. முன்கூட்டியே சொல்லாமல் விட்டிருந்தால் மறுநாளே சோற்றைக் குறைத்திருப்பார். நவம்பர் முழுக்க 82.1-க்கும் 82.5-க்கும் நடுவில் நின்றது. படகு போகாத வாரத்தில் மட்டும் கரை நாள் கணக்கு, 2,180.

சர்க்கரைச் சராசரி 5.6-க்கு இறங்கியிருந்தது. இடுப்பு 97 செ.மீ. ஏட்டின் கடைசிப் பக்கத்தில் அடுத்த ஏப்ரல் 15-க்கு நேரே இப்போதே இரண்டு எண் எழுதியிருக்கிறது: நடை இருந்தால் 2,000, இல்லாவிட்டால் 1,850. அதற்குக் கீழே அவர் மனைவியின் கையெழுத்தில், எண்ணெய் ஒன்பது நாள்.